எட்டாம் நிரை

தங்கையின் குரல் வந்த திசை சரியில்லை.

மூடுபனி இறங்கிவிட்டால் தேயிலைக் காட்டில் பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவளின் முகம்கூடத் தெரியாது. பனிக்குள் காட்டெருமை நிற்கும், சிறுத்தை படுத்திருக்கும். அதனால் கங்காணி மேட்டில் நின்று ஒவ்வொரு நிரையாகக் கூப்பிடுவார். அந்தந்த நிரைக்காரி குரல் கொடுக்க வேண்டும். ஒரு நிரை பதில் சொல்லாவிட்டால் அத்தனை பேரும் கூடையை இறக்கிவிட்டுத் தேடப் போவார்கள்.

"ஏழாம் நிரை!"

"இருக்கேன்!"

ஏழு தங்கையுடையது. எட்டு அக்காவுடையது, கடைசி நிரை. ஏழு அவளுக்கு வலப்பக்கம். பதிலோ இடப்பக்கத்திலிருந்து வந்தது, செடிகள் முடிந்து பள்ளம் தொடங்கும் இடத்திலிருந்து.

"அடியே, பள்ளத்துல என்ன பண்றே? மாப்பிள்ளை தேடுறியா?" என்றாள் அக்கா.

"இருக்கேன்."

இந்த மாதிரிக் கேலிக்கு ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுப்பவள் தங்கை.

"விளையாடாதடி. லாரி வர்ற நேரம். பாப்பா அழ ஆரம்பிச்சிருப்பா."

கீழே ரோட்டோரம்தான் பிள்ளைக் காப்பகம். அக்காவின் இரண்டு வயதுப் பெண் குழந்தை யார் தூக்கினாலும் அடங்காது. அம்மா குரல் கேட்டால்தான் வாயை மூடும்.

"பாப்பா," என்றது அந்தக் குரல். சொல்லை நாக்கில் வைத்து ருசி பார்ப்பதுபோல.

இலை நுனிகளிலிருந்து நீர் சொட்டும் சத்தமும், ஈர மண்ணும் நசுங்கிய கொழுந்தும் கலந்த வாடையும், அதற்கு அடியில் வெகுநாள் திறக்காத பெட்டியைத் திறந்ததுபோல் ஒரு மக்கிய நாற்றமும் பள்ளத்திலிருந்து மெல்ல ஏறி வந்தன. பறவைகள் எப்போது அடங்கின என்று அவளுக்குத் தெரியவில்லை. செடிகளை விலக்கிக்கொண்டு ஏழாம் நிரைக்குள் பாய்ந்தாள்.

தங்கை அங்கேதான் இருந்தாள். கவிழ்ந்த கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காயமில்லை. இரண்டு கைகளாலும் தொண்டையைப் பிடித்தபடி வாயைத் திறந்து திறந்து மூடினாள். மூச்சு மட்டும் வந்தது.

"எட்டாம் நிரை!"

அக்கா நெஞ்சு நிறைய மூச்சிழுத்துக் கத்தினாள்.

ஒன்றும் வரவில்லை.

"இருக்கேன்!"

பள்ளத்திலிருந்து. அவளுடைய குரல். அதே கரகரப்பு. கடைசியில் அதே இழுப்பு.

"எல்லாரும் இருக்கீங்க. கிளம்புங்கம்மா, போகலாம்."

தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினாள். செடி. செடிக்கு அப்பால் செடி. மேடு வரவில்லை. கூடையை ஓங்கி ஓங்கி அடித்தாள். பனி அதையும் விழுங்கியது.

லாரி உறுமியது. பெண்களின் சிரிப்புக்கு நடுவே தங்கையின் சிரிப்பும்.

"டிரைவரண்ணே, காப்பகத்துல நிறுத்துங்க," என்றது அக்காவின் குரல்.

கீழே குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. லாரி நின்றது.

"வாடி தங்கம். அம்மா வந்துட்டேன்."

அழுகை நின்றது.