கழுவாத பூட்ஸ்

இசபெலின் கால்களை அட்டை கடிப்பது நின்றுபோயிருந்தது.

மஸ்கெலியாத் தேயிலை மலையில் மழை விடாத மாதம். கொழுந்து பறிக்கும் பெண்கள் கால் முழுக்கச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போயும், இரத்தம் வழியத்தான் லயத்து வீடுகளுக்குத் திரும்பினார்கள். இசபெல் மட்டும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸில் சுத்தமாக வந்தாள்.

"மேர்வின், ஒன் பொண்டாட்டி தொரசாணி ஆயிட்டா," என்றார் கங்காணி சிவசாமி. "இனி அவ கூடைய நாங்கதான் சொமக்கணும்."

மேர்வின் சிரித்தான். பூட்ஸைக் கொண்டுவந்தவன் அவன்தான்.

அந்தாட்டிக்காவுக்குப் பயணிகளை ஏற்றிப்போகும் கப்பலில் எட்டு மாதம் வேலை செய்தான். பனியில் இறங்கிப் பென்குயின் பார்த்துவிட்டு வருகிறவர்களின் பூட்ஸைக் கழுவுவதுதான் வேலை. ஓர் இறகு, ஒரு துளி எச்சம்கூட அங்கிருந்து வெளியே போகக்கூடாது என்பது கப்பலின் சட்டம். அடிப்பள்ளங்களில் இறுகிய இளஞ்சிவப்பு எச்சத்தைக் கம்பியால் நோண்டி எடுக்கும்போது கிளம்பும் அழுகிய இறால் வாடை, கையிலிருந்து சோற்றுக்கும் சோற்றிலிருந்து தலையணைக்கும் ஏறி, கனவிலும் அவனைக் குமட்டவைத்தது. கடைசிப் பயணத்தில், பனியிலிருந்து திரும்பிய வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி அன்று மத்தியானமே தன் அறையில் செத்துப்போனாள். உடலைக் குளிரறையில் வைத்தார்கள். பூட்ஸை எறியச் சொன்னார்கள். மேர்வின் அளவைப் பார்த்தான். இசபெலின் அளவு. கழுவ நின்றால் யாராவது கேட்பார்கள் என்று அப்படியே பைக்குள் திணித்துக்கொண்டான்.

இனிக் கப்பலுக்குப் போவதில்லை, அவள் பக்கத்திலேயே இருப்பது என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தான்.

இரண்டாவது வாரம் அந்த வாடை அவர்களின் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வந்தது. அடுப்புப் புகையையும் ஈர உடுப்புகளின் புளித்த நெடியையும் தாண்டி, அவள் உட்கார்ந்த பாயிலும் அவள் பிசைந்து வைத்த சோற்றிலும் அது நின்றது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பக்கத்திலிருந்த யூஜினா அக்கா மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு வேறு பெஞ்சுக்கு மாறினாள்.

"கழட்டு புள்ள. கழுவித் தாறேன்."

"வேணாங்க. கால் இப்பத்தான் கதகதன்னு இருக்கு."

படுக்கும்போதும் அவள் கழற்றவில்லை. அவள் நெருங்கி வந்தால் அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். எட்டு மாதம் அவன் ஏங்கிய உடம்பு அது. இப்போது தொடக் கை கூசியது.

வியாழக்கிழமை அவள் கருவாட்டைப் பச்சையாகத் தின்பதைப் பார்த்தான். தலையை மேலே தூக்கி, மெல்லாமல், முழுசாக விழுங்கினாள். தொண்டையில் ஒரு மேடு மெதுவாக இறங்கியது.

"என்னா அப்புடிப் பாக்குறீங்க? பசிக்குது."

மேர்வின் வெளியே ஓடி, தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் வாந்தியெடுத்தான்.

சனிக்கிழமை மூன்று மணிக்கே பனிமூட்டம் லயத்தை மூடியது. இசபெல் வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பூட்ஸின் விளிம்பிலிருந்து இளஞ்சிவப்பாக ஏதோ கசிந்து படியில் இறங்கியது. சொட்டு. சொட்டு.

"இசபெல். ஹட்டனுக்குப் போவோம். டாக்டர்கிட்ட காட்டுவோம்."

"அப்ப நீங்களே கழட்டுங்க."

மண்டியிட்டான். வலது பூட்ஸைப் பிடித்தான். ரப்பர் ஐஸாகச் சில்லிட்டது.

இழுத்தான்.

வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். உள்ளே ஏதோ உறிஞ்சி, விட்டது. சளியைப் போன்ற நீர் அவன் மடியில் கொட்டியது. அதில் குட்டை இறகுகள்.

பூட்ஸ் கனத்தது. உள்ளே பார்த்தான்.

தோல். கழற்றிப்போட்ட காலுறை மாதிரி மடிந்து கிடந்தது. மாநிறம். ஐந்து நகங்களும் அதிலேயே இருந்தன.

நிமிர்ந்து பார்க்கப் பயந்தான். பார்த்தான்.

வெள்ளைக் கால். சுருங்கிய, நீல நரம்போடிய கிழட்டுக் கால். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. காற்றுப் பட்ட சுகத்தில்.

முழங்காலுக்குக் கீழே இசபெலின் தோல் முடிந்தது. விளிம்பு ஈரமாக, தளர்ந்து தொங்கியது.

அவள் குனிந்தாள். இரண்டு கட்டைவிரல்களையும் அந்த விளிம்புக்குள் நுழைத்தாள். மெதுவாக, மேல்நோக்கிச் சுருட்ட ஆரம்பித்தாள்.