பதில் வராத கட்டளை

காலை 11.40. கட்டுப்பாட்டு அறையின் திரை தெளிந்தபோது செயற்கைக்கோள் உயிரோடுதான் இருந்தது. எரிபொருள்தான் சுத்தமாகக் காலி. தன் இடத்தை விட்டு மெல்ல நகரவும் ஆரம்பித்திருந்தது.

முதலாளியம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அடுத்தவர் செயற்கைக்கோளில் பல வருடம் வாடகைக்குக் காலம் தள்ளி, போன வருடம்தான் சொந்தமாக ஒன்றை ஏற்றினார். போகும் வழியிலேயே அது பாதி எரிபொருளைக் குடித்துத் தீர்த்தது. மிச்சத்தைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்துக் கம்பெனியை ஓட்டினார். வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்துவிட்டது.

செயற்கைக்கோளுக்கு அனுப்பிய கட்டளைகளின் பதிவை யாரோ அழித்திருந்தார்கள். முந்தின நாள் ராஜினாமா கொடுத்த தலைமைப் பொறியாளர் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். புகாரின் பேரில் வந்த இன்ஸ்பெக்டர் அவரிடமே ஆரம்பித்தார்.

"பதினொன்றரைக்கு எங்க இருந்தீங்க?"

"கேன்டீன்ல. எல்லாருமே அங்கதான். இந்த சீசன்ல தினமும் கொஞ்ச நேரம் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால வந்துடும். அந்த இரைச்சல்ல அது அனுப்புற எதுவும் நமக்கு வந்து சேராது. திரை முழுக்க வெறும் புள்ளி. எங்களுக்கு அதுதான் டீ நேரம்."

"நாம அனுப்புறது அதுக்குப் போகுமா?"

"தாராளமா போகும்."

அந்த நேரத்தில் அறையில் இருந்தது முதலாளியம்மாவின் தம்பி மட்டும். கணக்குப் பிரிவிலிருந்து அன்றுதான் இங்கே வந்தவன்.

"அவங்க டீ குடிக்கப் போனப்ப, இடத்தைச் சரிபண்ற கட்டளையை அனுப்பினேன் சார். ஒரே தடவைதான். உடனே பதில் வந்துச்சு, நானே திரையில பார்த்தேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"அந்த நேரத்துல பதில் வரவே வராது தம்பி. வராததால, கட்டளை போகலைன்னு நினைச்சு திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கீங்க. செயற்கைக்கோள் ஒவ்வொண்ணுக்கும் கீழ்ப்படிஞ்சு எரிபொருளை எரிச்சிருக்கு. திரை தெளிஞ்சதும் பயந்துபோய் பதிவை அழிச்சீங்க."

தம்பி அழுதுவிட்டான். "டீ நேரம்னுதான்க்கா சொன்னாங்க. சூரியனைப் பத்தி யாரும் சொல்லல. அவங்க வர்றதுக்குள்ள முடிச்சுக் காட்டலாம்னு..."

"சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லம்மா" என்றார் தலைமைப் பொறியாளர்.

குற்றவாளி கிடைத்தும் இன்ஸ்பெக்டருக்கு வெட்கமாக இருந்தது. மீட்டுக் கொடுக்க ஒன்றுமில்லை.

"இனி என்ன பண்ணலாம்?" முதலாளியம்மா கேட்டார்.

"பக்கத்துல இன்னொருத்தரோட செயற்கைக்கோள் இருக்கு. நம்மது அங்க போய் இடைஞ்சல் பண்றதுக்கு முன்னால நாமளே அணைச்சிடணும்" என்றார் தலைமைப் பொறியாளர்.

முதலாளியம்மா தம்பியைத் திட்டவில்லை, திட்டத் தெம்பில்லை. தானே உட்கார்ந்து, அணைக்கும் கட்டளையை ஒரே ஒரு தடவை அனுப்பினார்.

பதில் உடனே வந்தது.