பதினோராவது ஆள்

இசக்கியப்பன் மாமாவின் கையில் ஒன்பது மணி நேரம்தான் இருந்தது. காலை எட்டு மணிக்கு வந்தார். மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார்.

அதற்குள் கனிஷ்கா அவருக்குத் தன் ஊரைப் பிடிக்க வைக்க வேண்டும்.

பிடிக்கவில்லை என்றால் மாரியக்காவையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறிவிடுவார். அவருடைய மஞ்சள் பைக்குள் இரண்டு பேருக்கும் டிக்கெட் தயாராக இருந்தது.

மாரியக்காவின் முழுப் பெயர் சந்தனமாரி. மாமாவின் ஒரே மகள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். கனிஷ்கா வீட்டு மாடி அறையில் இன்னும் இரண்டு பெண்களோடு தங்கியிருந்தாள். கனிஷ்காவுக்குப் பின்னக் கணக்கு சொல்லித் தருவாள். தப்பாகப் போட்டால் காதைத் திருகுவாள். பிறகு அவளே கடலை மிட்டாய் வாங்கித் தருவாள்.

"லீவு கேட்டேன், கெடைக்கல," என்று முந்தின நாள் மாரியக்கா சொன்னாள். "ஷிப்ட் முடிஞ்சு பஸ் வர மூணு மணி ஆயிரும். எப்படியாச்சும் சீக்கிரம் வரப் பாக்கேன். அதுவரைக்கும் நீதான் எங்கப்பாவுக்கு ஊரைச் சுத்திக் காட்டணும்."

"எங்க ஊரை யாருக்குத்தான் புடிக்காது? நீ கம்முனு போய் வேலையப் பாரு," என்றாள் கனிஷ்கா.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

சனிக்கிழமை காலை. மாமா கூடத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. அம்மா செந்தாமரை உள்ளே மாடிப் பெண்களுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள்.

"வண்டி நல்லா கெடச்சுதா மாமா?" என்று கேட்டாள் கனிஷ்கா.

"அதை ஏன் கேக்க! சிங்கப்பெருமாள் கோவில்ல எறங்கி ஷேர் ஆட்டோவுல ஏறுனேன். பின்னால ஒரு கம்பெனி பஸ்ஸு. பாங்கு பாங்குன்னு ஹாரன். ஆட்டோவே ஒரு துள்ளு துள்ளிட்டு. அந்தப் பஸ்ஸை ஓட்டுதவனுவளுக்கு வீடு வாசல், பிள்ளை குட்டி எதுவுமே கெடையாது போல!"

கனிஷ்கா ஊற்றிக்கொண்டிருந்த சாம்பார் இலைக்கு வெளியே விழுந்தது.

"உங்க அப்பா எங்க பிள்ள? என்ன சோலி பாக்காவ?"

கனிஷ்காவின் அப்பா ரத்தினம், மாரியக்கா போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். பள்ளிக்கூடத்தில் யார் கேட்டாலும் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொல்வாள். ஸ்டியரிங்கைச் சுற்றுவது போலக் கையை வேறு காட்டுவாள்.

இன்று கை எழவில்லை.

"கம்பெனில வேலை மாமா," என்று மெதுவாகச் சொன்னாள். "இன்னொரு இட்லி வைக்கட்டுமா?"

சாப்பிட்டதும் இருவரும் கிளம்பினார்கள். முதலில் பெரிய ரோடு. கனிஷ்காவுக்கு அதைப் பார்த்து அலுத்ததே கிடையாது. புத்தம் புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு நீள லாரிகள் வரிசையாகப் போயின.

"மாமா, இதெல்லாம் இங்க செஞ்சது! கப்பல்ல ஏத்தி வெளிநாட்டுக்கு அனுப்புவாங்க. அங்க ஓடுற காரைப் பாத்தா, அது எங்க ஊரு காரு!"

மாமா வாயைப் பிளந்து பார்த்தார். கனிஷ்காவுக்குத் தெம்பு வந்தது.

"எல்லாம் சரிதான். அந்தப் பக்கம் எப்படிப் போறது?" என்றார் மாமா.

அந்தப் பக்கம் போக நெடுநேரம் ஆனது. நடுத்திட்டில் நின்றபோது லாரி கிளப்பிய தூசி அவர் வெள்ளைச் சட்டையைப் பழுப்பாக்கியது.

அடுத்து, ஷேர் ஆட்டோவில் போய் இறங்கி, மாரியக்காவின் கம்பெனி மதில். நடக்க நடக்க முடியவே இல்லை.

"திருநெல்வேலி கோயில் மதில் மாதிரில்லா போவுது! சாமி எங்க இருக்கு?"

"சாமி இல்ல மாமா, மாரிக்காதான் உள்ள இருக்காங்க," என்றாள் கனிஷ்கா.

மாமா சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆனால் அந்தச் சிரிப்பு கேட் வரைதான் தாங்கியது.

கேட்டில் அடையாள அட்டை மாட்டிய ஓர் இளைஞன் நின்றிருந்தான். மாமா நேராக அவனிடம் போனார். "தம்பி, மருதங்குளம் இசக்கியப்பன் மவ சந்தனமாரி. தெரியுமா?"

"எந்த லைன், பெரியவரே?"

"லைனா?"

"உள்ள ஆயிரக்கணக்குல பொண்ணுங்க கீறாங்க. லைன் நம்பர் சொன்னாதான் தெரியும்."

அடுத்து வந்த இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மாமா மதில் நிழலில் நின்றுவிட்டார்.

"எங்க ஊரு பஸ்ஸ்டாண்டுல எறங்கி என் பேரைச் சொல்லிப் பாரு. வீட்டு நடை வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுத்தான் போவாவ. இங்க ரோடு பெருசு, மதிலு பெருசு. ஒருத்தி ஒரு நாளு வீட்டுக்கு வந்து சேரலைன்னா அது யாருக்குத் தெரியும்? சொல்லு பார்ப்போம்."

அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் கனிஷ்காவுக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் ஊரைக் குறை சொல்லவில்லை. பயப்படுகிறார்.

வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குக் கூட்டிப் போகலாம் என்று நினைத்திருந்தாள். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவையும் காட்ட நினைத்திருந்தாள். இப்போது அதெல்லாம் வேண்டாம் என்று தோன்றியது. அவர் கேட்ட கேள்விக்குக் கோவிலிலும் கடையிலும் பதில் கிடையாது.

பதில் இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். ஆனால் அங்கே போனால் அப்பா வருவார்.

கனிஷ்கா கொஞ்ச நேரம் செருப்பால் மண்ணைக் கிளறினாள்.

"மாமா, வூட்டுக்குப் போய் சாப்டுட்டுக் கொஞ்சம் படுங்க. மூணு மணிக்கு அரிசி மில் ஸ்டாப்ல டீ குடிக்கப் போலாம்."

"டீக்கடையில என்ன அதிசயம்?"

"டீதான் மாமா," என்றாள்.

அரிசி மில் ஸ்டாப்பில் அரிசி மில் கிடையாது. அது இடிந்து, அந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. எதிரே முனியம்மாள் டீக்கடை. மாமா பெஞ்சில் உட்கார்ந்தார். கனிஷ்கா அவருக்குப் பின்னால், டீக்கடைப் பலகையின் மறைவில் நின்றுகொண்டாள். அப்பா பார்த்துவிட்டால் "கனிஷ்கா கண்ணு!" என்று ஊருக்கே கேட்கும்படி கூப்பிடுவார்.

மூன்று மணிக்கு வெள்ளை பஸ் வந்து நின்றது.

டிரைவர் ரத்தினம் முதலில் இறங்கி, படிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஒரே நிறச் சட்டை போட்ட பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவர் விரல் விட்டு எண்ணினார்.

"எட்டு… ஒம்பது… பத்து." விரல் நின்றது. "மாரி எங்க?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

கனிஷ்கா பலகை விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். காட்ட நினைத்தது இது இல்லை. பதினொரு பேரும் இறங்கியதும் அப்பா தலையாட்டிவிட்டு வண்டி ஏறுவார். தினமும் அப்படித்தான். அதை மாமா பார்த்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தாள்.

மாமா எழுந்து நின்றுவிட்டார். பை அவர் மார்போடு ஒட்டியிருந்தது.

"மாரி ஓவர்டைமுக்கு நின்னுட்டாளா?" என்று ரத்தினம் கேட்டார்.

"இல்லண்ணே. கேட்டு வரைக்கும் எங்க கூடத்தான் வந்தா," என்றாள் செல்வலட்சுமி என்ற பெண்.

பஸ்ஸுக்குள் இன்னும் இரண்டு ஸ்டாப் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "அண்ணே, வண்டிய எடுங்க. அவ எப்படியும் வந்துருவா. பசிக்கி!"

"பசிச்சா தண்ணி குடிச்சிட்டு குந்து," என்றார் ரத்தினம். "காலைல இந்த ஸ்டாப்புல பதினோரு பேரை ஏத்தினேன். கேட்டுல நின்னு எண்ண வுடமாட்டறானுங்க. அதனால இங்க எண்றேன். எங்க தெருப் பொண்ணு ஒண்ணு கொறையுது. அது இருக்கிற எடம் தெரியாம வண்டி நகராது."

பின்னால் இரண்டு ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. ரத்தினம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாரியக்காவுக்குப் போன் போடவும் வழியில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அது மாடி அறையில் சார்ஜரில் கிடந்தது.

கனிஷ்கா யோசித்தாள். எப்படியாச்சும் சீக்கிரம் வரப் பாக்கேன் என்று மாரியக்கா சொன்னாளே! கேட்டிலிருந்து முதலில் கிளம்புவது எந்த பஸ்?

பலகை மறைவிலிருந்து அவள் வெளியே ஓடிவந்தாள். "அப்…" என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டாள்.

"டிரைவர்! டிரைவர்! மாரிக்கா படப்பை பஸ்ல ஏறியிருப்பாங்க! அதான் ஃபர்ஸ்ட் கெளம்பும்!"

ரத்தினம் தன் மகளை மேலும் கீழும் பார்த்தார். டிரைவரா? ஆனால் கேட்க நேரமில்லை. படப்பை பஸ் டிரைவருக்குப் போன் போட்டார்.

"ஜெபகுமாரு, உன் வண்டில எங்க ஸ்டாப்புப் பொண்ணு ஒண்ணு ஏறிச்சா?… கூட்டுரோட்டுல எறங்கிடுச்சா? ஆட்டோவுல குந்திக்கினு இருந்துச்சா? நீ பாத்தியா?… சரி, சரி." போனைச் சட்டைப்பையில் போட்டார். "சீக்கிரம் வரணும்னு ஷேர் ஆட்டோ ஏறியிருக்குது. அது ரொம்புனாதான எடுப்பான்!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. ரோட்டையே பார்த்தபடி நின்றார்.

ஓர் ஆட்டோ வந்தது. அதில் மாரியக்கா இல்லை. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது ஆட்டோ நிற்பதற்குள் மாரியக்கா குதித்தாள். நேராகத் தன் அப்பாவைப் பார்த்து ஓடிவந்தவளை ரத்தினத்தின் குரல் நிறுத்தியது.

"நில்லும்மா! உன் இஷ்டத்துக்கு வண்டி மாறுவியா? மாறுனா ஒரு வார்த்தை சொல்ல மாட்டே? மனுசனுக்கு உசுரே இல்ல!"

"எங்கப்பா வந்திருக்காவ, அதான் அண்ணே…"

"யாரு வந்தா இன்னா? இன்னொரு தபா இப்படிப் பண்ணே, உங்க அப்பாருக்கே போன் போட்டுச் சொல்லிடுவேன்!"

"போன் வேண்டாம்," என்றார் இசக்கியப்பன் மாமா. "நான் இங்கனதான் நிக்கேன்."

ரத்தினம் நாக்கைக் கடித்துக்கொண்டார். வேட்டியும் மஞ்சள் பையுமாக நின்றவரைப் பார்த்து அவசரமாகக் கும்பிட்டார். "தப்பா நெனச்சிக்காதீங்க. இன்னும் ரெண்டு ஸ்டாப் கீது, வுட்டுட்டு வந்துர்றேன்." பதினொன்று என்று விரலை மடக்கிவிட்டு வண்டி ஏறினார். போகும்போது ஹாரன் ஒரு தடவை அடித்தது.

இந்தத் தடவை மாமா துள்ளவில்லை. பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பா, கோவமா?" என்றாள் மாரியக்கா.

"என் பிள்ளையைத் திட்டுததுக்கு இந்த ஊர்லயும் ஒரு ஆளு இருக்குட்டி," என்றார் மாமா. அவர் கண்கள் கலங்கியிருந்தன. முகம் என்னவோ சிரித்தது. "நல்லாத்தான் திட்டுதாரு."

"அப்ப டிக்கெட்டு?"

"ரெண்டு எடம் போட்டாச்சு. ஒண்ணுல நான் படுத்துக்கிடுதேன். இன்னொண்ணுல இந்தப் பையைப் படுக்க வைக்கேன். பாவம், காலையிலேருந்து தூங்கல."

மாரியக்கா கனிஷ்காவைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கினாள். முனியம்மாள் மூன்று டீயை பெஞ்சில் வைத்தாள். மாமா ஒரு வாய் குடித்தார். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏ பிள்ள கனிஷ்கா. காலையில நான் ஒரு வார்த்தை சொன்னேம்லா? இந்தப் பஸ்ஸு ஓட்டுதவங்களுக்குப் பிள்ளை குட்டி கெடையாதுன்னு. அதை இப்ப நெனச்சாக் கூச்சமா இருக்கு. அந்த டிரைவருக்குப் பிள்ளைங்க உண்டுமா? உனக்குத் தெரியுமா?"

மாரியக்கா வாயைத் திறந்தாள். கனிஷ்கா அவள் கையைக் கிள்ளினாள். இதை வேறு யாரும் சொல்லக் கூடாது.

"ஒரே ஒரு பொண்ணு மாமா. அஞ்சாவது படிக்குது."

"அந்தப் பிள்ளையை எனக்கு ஒரு தடவை காட்டேன். கிளம்புததுக்கு முன்னால பாத்துட்டுப் போறேன்."

கனிஷ்கா டீ கிளாஸை பெஞ்சில் வைத்தாள். இரண்டு கையாலும் பெரிய ஸ்டியரிங் ஒன்றைப் பிடித்து, ஒரு முழுச் சுற்று சுற்றினாள். அரிசி மில் ஸ்டாப் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"நான்தான் மாமா! அது எங்க அப்பா!"