துருத்திக்காரனின் பாட்டு

பழைய ஆலயத்தின் மாடிப்படி ஏறுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. பிரசவத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. இதற்கு முன் தரித்தவை எதுவும் தங்கவில்லை. இதாவது தங்கவேண்டுமே என்று அவள் அழாத நாளில்லை. வீட்டில் தனியாக இருக்கப் பயந்து, ஆர்கன் பழுதுபார்க்கும் கணவனோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வந்தவள் சும்மா இருந்தாளா? ஆர்கனின் கட்டைகளை அழுத்தும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆர்கன் குழாய்கள் நிற்கும் கூண்டுக்குள் அவன் நுழைந்துவிட்டால் பேச்சு வெளியே விளங்காது. அதனால் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. அவன் எந்தச் சுரத்தில் விசிலடிக்கிறானோ, அந்தக் கட்டையை அவள் அழுத்தவேண்டும்.

மணியடிக்கும் கோயில்பிள்ளைக்கு இது தெரிந்ததும் முகம் சுண்டிவிட்டது.

"உள்ள விசில் மட்டும் வேண்டாம் தம்பி."

"ஏண்ணே, ஆண்டவருக்குக் காது கூசுமா?"

"மோட்டார் வர்றதுக்கு முன்னாடி ஆர்கனுக்குக் காத்து குடுக்கத் துருத்தி மிதிச்சவன் ஒருத்தன் இருந்தான். ஞானப்பாட்டெல்லாம் விசில்லயே அடிப்பான். ஒரு அடக்க ஆராதனையில, பாட்டு பாதியில இருக்கும்போதே மூச்சு நின்னுபோச்சு. மிச்சத்தப் பாட இன்னும் மூச்சு தேடிக்கிட்டிருக்கான்."

"எனக்கே மூச்சு பத்தல, இதுல அவனுக்கு வேறயா?" என்று சிரித்துவிட்டு உள்ளே நுழைந்தான் அந்த மகராசன்.

"சொன்னாக் கேளுங்களேன்," என்றாள் அவள். சொல்பேச்சு கேட்கிற ஆளாக இருந்தால் இந்தக் கதை எதற்கு?

மத்தியானம் முழுக்க வேலை ஓடியது. விசில் வரும், அவள் கட்டையை அழுத்துவாள், குழாய் முனகும், அவன் தட்டிச் சரிசெய்வான். நடுவில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவளுக்குக் கண் சொக்கியது.

விசில் கேட்டது.

கொஞ்சம் மெல்லியதாக இருந்தது. அழுத்தினாள். அடுத்தது வந்தது. அழுத்தினாள். விசில் நிற்காமல் வர வர, விரல்களுக்குக் கீழே ஒரு பாட்டு எழும்பியது. சவப்பெட்டியைத் தூக்கும்போது பாடுகிற ஞானப்பாட்டு.

"கொழுப்பப் பாரு," என்று முணுமுணுத்தாள். சிரிப்பு வரவில்லை. பழைய துருத்தியின் தோல் நனைந்ததுபோல ஒரு வாடை மூக்கில் ஏறியது. கையை எடுக்க நினைத்தாள், கை வரவில்லை.

விசில் கூண்டைவிட்டு வெளியே வந்தது.

அவள் காதருகே வந்தது.

மடியருகே இறங்கியது.

பாட்டு பாதியில் அறுந்தது. யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். நீளமாக, ஆசையாக.

படியில் காலடிச் சத்தம். திருப்புளியும் கையுமாகக் கணவன் மேலே வந்தான்.

"யாரு வாசிக்கச் சொன்னா?"

"நீங்கதானே விசிலடிச்சீங்க?"

"நான் திருப்புளி எடுக்க வண்டிக்குல்ல போயிருந்தேன்!" அவன் பார்வை சுவரிலிருந்த சுவிட்சுக்குப் போனது. குரல் இறங்கியது. "மோட்டார அணச்சுட்டுத்தானே போனேன்…"

காற்று இல்லாமல் ஆர்கன் ஒலிக்காது. இருவருக்கும் அது தெரியும்.

அவள் வயிற்றில் கை வைத்தாள். காலையிலிருந்து உதைத்துக்கொண்டே இருந்த பிள்ளை.

"ஐயோ… அசையலங்க."

அவளை எப்படி ஆஸ்பத்திரியில் சேர்த்தான் என்று அவனுக்கே நினைவில்லை. டாக்டர் காத்திருக்கவில்லை, அன்று சாயங்காலமே வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை. உயிர் இருந்தது. அவள் ஓவென்று அழுதாள். பிள்ளைதான் அழவில்லை.

மெல்லிய விசில் ஒன்று கேட்டது.

"மூக்குல சளி, வேற ஒண்ணுமில்ல," என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே பிள்ளையை அவள் பக்கத்தில் கிடத்திவிட்டுப் போனாள். நர்ஸுக்கு என்ன தெரியும்? விசில் பாட்டாக மாறியது. அறுந்த இடத்திலிருந்து தொடங்கியது.

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஆனாலும் எத்தனை நாள் தவமிருந்து பெற்ற பிள்ளை! தூக்கி எறியவா முடியும்?

"யாரா இருந்தாலும் இரு. நீ எம்புள்ளதான்," என்று கிசுகிசுத்து, சத்தத்தை அடக்க அவனை மார்போடு சேர்த்துக்கொண்டாள். பிள்ளை வாய் நிறையக் கவ்விக்கொண்டு பால் குடிக்கத் தொடங்கினான்.

விசில் நிற்கவில்லை.