சத்தம் போடாத பிள்ளை

அது மூன்று மாலையா நான்கு மாலையா என்று எனக்கு இப்போது உறுதியில்லை. றுக்கியா இதைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒரு நாளைக் குறைத்தே சொன்னாள். ஏன் குறைத்தாள் என்பது மட்டும் எனக்கு விளங்கும்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன மறு வருடம், மழை தொடங்கிய நாட்களில், துறைமுகத்தை ஒட்டிய பழைய குவாட்டர்ஸ் ஒன்றுக்கு அவள் குடிவந்தாள். கிண்ணியாவில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. கலியாணம் முடித்தவன்தான் அவள் வீட்டுக்கு வருவான். தன் சீதன வீட்டைப் பூட்டிக்கொண்டு, புருஷன் ஸெய்னுதீனின் வேலையிடத்துக்கு அவள் பெட்டியோடு போனதை ஊர் வேலிக்கு மேலால் பார்த்தது. காரணமும் ஊருக்குத் தெரியும். ஆறு வயது மகள் அசனா, குர்ஆன் ஓதப் போன இடத்தில் இரண்டு பிள்ளைகளைக் கடித்திருந்தாள்.

அந்தச் சித்திரையில் றுக்கியாவுக்குப் பிறந்த ஆண்பிள்ளை பதினோராம் நாள் மௌத்தானது. அதன் பிறகு அவள் பாயிலேயே கிடந்தாள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் அசனா எதையாவது உடைப்பாள். உடைகிற சத்தம் கேட்டால் தாய் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொள்வாள்.

புது இடத்திலும் அதுவேதான். ஸெய்னுதீன் இழுவைப் படகோடு புல்மோட்டைக்குப் போயிருந்த வாரம், இறந்த குழந்தையின் தொப்பியை அசனா பெட்டியிலிருந்து எடுத்துப் பல்லால் கிழித்தாள்.

றுக்கியா அடிக்கவில்லை. மெல்லச் சொன்னாள்.

"அவன் இருந்து நீ போயிருக்கலாம்."

அசனா தாயைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வெளியே போனாள்.

பொழுது சாயும் மஃரிப் பாங்கு நேரத்தில் வெளியே நிற்கும் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே எடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லிக் கதவைச் சாத்துவது கிண்ணியாத் தாய்மாரின் வழக்கம். அந்த நேரத்தில் வெளியே உலாவுவது மனிதர் மட்டுமல்ல. அன்று பாங்கு தண்ணீருக்கு மேலால் வந்தது. றுக்கியா கூப்பிடவில்லை. கதவை வெறுமனே சாத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் விரல் நுனியால் தட்டுகிற சத்தம்.

"உம்மா, நான் வந்திட்டன்."

கதவைத் திறந்தாள். பிள்ளை உள்ளே வந்து பாயில் கால் மடக்கி உட்கார்ந்தது. வெளியே மழை ஊற்றியது. அதன் சட்டை நனைந்திருக்கவில்லை. தலைமுடியில் மட்டும் வற்றிய கடற்சேற்றின் மணம்.

பிறகு கதவின் அடிப்பக்கத்தில் உதை விழுந்தது.

"உம்மா! தொறங்க! நான் அசனா!"

பாயில் இருந்தது தலையைத் திருப்பவில்லை.

"தொறக்க வேணாம் உம்மா," என்றது. "அவ கூடாத புள்ள."

றுக்கியா திறக்கவில்லை.

காலையில் முற்றத்தில் ஒருவரும் இல்லை. வீட்டுக்குள் பாய் சுருட்டப்பட்டிருந்தது, கோப்பைகள் அடுக்கப்பட்டிருந்தன. றுக்கியா ஏழு மாதத்துக்குப் பிறகு தலை வாரினாள். குசினியில் அடுப்பு மூட்டினாள். பக்கத்து வீட்டு ஞானமணி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன மருந்து குடுத்தனீங்கள் பிள்ளைக்கு? எனக்கும் கொஞ்சம் தாங்கோ, என்ர மனுசனுக்குப் பருக்க."

"அது தானாத் திருந்திட்டு," என்றாள் றுக்கியா.

சொன்னபோது முகம் சுட்டது. அவளுக்குத் தெரியும். முதல் மாலையே தெரியும். அது சோற்றைப் பிசைந்ததே தவிர உண்ணவில்லை. கண் இமைக்கவில்லை. ஆனால் அது இருந்த வீட்டில் அவளால் எழும்பி நடக்க முடிந்தது.

மாலைதோறும் கதவு உதைபட்டது. பகலில் அசனா எங்கே ஒதுங்கிக் கிடந்தாள் என்று றுக்கியா தேடிப் போகவில்லை. ஏச்சு, அழுகை, மரத்தைப் பல்லால் கடிக்கிற சத்தம். றுக்கியா முக்காட்டால் காதை இறுக்கி மூடிக்கொண்டு உலைக்கு அரிசி களைந்தாள்.

கடைசி மாலை உதை விழவில்லை.

கதவின் கீழ் இடுக்கால் ஒரு குரல் மட்டும்.

"உம்மா, நான் கடிக்க மாட்டன்."

அசனா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. முரண்டு பிடிக்கவும் இனி அந்தப் பிள்ளைக்குப் பலமில்லை என்று தாய்க்கு விளங்கியது. அவள் கதவடிக்கு ஓடினாள்.

"நான் நல்ல புள்ளதானே, உம்மா?" என்றது பின்னால்.

"ஓம்," என்றாள் றுக்கியா. திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறந்தாள். "அசனா! வா புள்ள உள்ளுக்கு! பிஸ்மில்லாஹ்!"

சேறும் காய்ச்சலுமாய் உள்ளே விழுந்த அசனா, தன்னைத் தூக்கிய தாயின் கையை எலும்பு வரை கடித்தாள். றுக்கியா கையை இழுக்கவில்லை.

பாயில் ஒருவரும் இல்லை. ஈரம் மட்டும், உட்கார்ந்த அளவுக்கு.

அவர்கள் கிண்ணியாவுக்கே திரும்பினார்கள். றுக்கியா மறுபடி பாயில் விழுந்தாள். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து, மெல்ல மெல்லத் தேறினாள். அசனா பன்னிரண்டு வயது வரை உடைத்தாள், பிறகு விட்டாள். இப்போது மூதூரில் பிள்ளைகுட்டியோடு இருக்கிறாள்; வெளியே விடப்பட்ட நாட்களைப் பற்றி அவள் தாயிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஸெய்னுதீனுக்கு யாரும் சொல்லவில்லை. றுக்கியா எழுபத்தொன்பதாம் ஆண்டில் மௌத்தானாள்.

அந்தக் குவாட்டர்ஸுக்கு அடுத்து வந்தவர்கள் பிள்ளையில்லாத புருஷன் பெண்சாதி. மனுசி வந்த மாதமே, வேலியடியில் நின்று ஞானமணியிடம் சந்தோஷமாகச் சொன்னாளாம்:

"எங்கட பிள்ளை சரியான அடக்கம், அக்கா. இருக்கிற சத்தமே கேளாது."