ஒரு சைஸ் பெரிசு

முதலில் கேட்டது ஹாரன்.

அதற்குப் பிறகுதான் அலறல்.

குண்டூர் நாட்டு மலைச்சரிவில் ஏணி மேல் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்த ராக்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். தேன்பாறைப் பக்கம். ஆண் குரல். விட்டு விட்டு வந்த அலறல், பிறகு வரவேயில்லை.

ஏணியிலிருந்து இறங்கி ஓடினாள்.

பாறைக்குக் கீழே ஏதோ ஒன்று புரண்டுகொண்டிருந்தது. தலை முதல் இடுப்பு வரை கறுப்பாக, மினுமினுப்பாக... அந்தக் கறுப்பு முழுவதும் அசைந்துகொண்டிருந்தது.

தேனீக்கள்.

கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளைக் கார். கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. உள்ளே ஒரு பெண். இரண்டு கைகளாலும் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து ஆட்கள் பச்சை இலையைக் கொளுத்திப் புகை போட்டார்கள். தேனீக்கள் விலகுவதற்குள் அந்த உருவம் புரள்வதை நிறுத்தியிருந்தது.

இன்ஸ்பெக்டர் பானுமதி ஜீப்பிலிருந்து இறங்கும்போது அந்த உடல் மேல் யாரோ துண்டைப் போர்த்தியிருந்தார்கள்.

"ஆளு யாருய்யா?"

"நாமக்கல்லுங்க மேடம். அர்த்தனாரி. கோழிப்பண்ணை ஓனர். கார்ல இருக்கறது சம்சாரம், பேரு சுமித்ரா," என்றார் ஏட்டு சின்னையன்.

பானுமதி துண்டை விலக்கினாள்.

முகம் என்று ஒன்று இல்லை. உதடும் கண்ணும் மூக்கும் ஒரே வீக்கத்தில் கரைந்து போயிருந்தன. கழுத்துக்குக் கீழே அடர் பழுப்பு நிறத்தில் ஒரு ஸ்வேட் ஜாக்கெட். தோலைத் தேய்த்து மென்மயிர் எழுப்பிய, விலை உயர்ந்த ரகம். அந்த மயிருக்குள் தேனீக்களின் கொடுக்குகள் பொடி முள்ளாய்க் குத்தி நின்றன.

மார்பைத் திறந்து பார்க்கலாம் என்று ஜாக்கெட்டின் பொத்தானில் கை வைத்தாள். வழக்கமான இடத்தில் பொத்தான் இல்லை. அவள் விரல்கள் தடுமாறின.

"சின்னையன்... உங்க சட்டையில பொத்தான் எந்தப் பக்கம்?"

அவர் குனிந்து பார்த்துக்கொண்டார். "வலது பக்கமுங்க மேடம்."

"இவனுக்கு இடது பக்கம். இது பொம்பளைங்க ஜாக்கெட்."

"ஜாக்கெட்டுங்களா..." சின்னையன் ரவிக்கையை நினைத்து ஒரு கணம் குழம்பினார். பிறகு தெளிந்தார். "பேரே அர்த்தனாரி. பாதி பாதியாத்தான் போட்டிருக்காரு போல."

பானுமதி சிரிக்கவில்லை.

காரணம், துண்டுக்கு வெளியே நீட்டியிருந்த விரல் ஒன்று மெல்ல மடங்கியது.

"யோவ்... உசிர் இருக்கு. ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

* * *

ஆம்புலன்ஸ் கொண்டை ஊசி வளைவுகளில் சுழன்று சுழன்று நாமக்கல்லுக்கு இறங்கியது.

சுமித்ரா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மெல்லிய பருத்திச் சுடிதார். தை மாதத்து மலைக்குளிரில் தோள்கள் நடுங்கின. இடது கன்னத்தில் விரல்கள் பதிந்த சிவப்பு.

பானுமதி டீ வரவழைத்துக் கொடுத்தாள்.

"கன்னத்துல என்னம்மா?"

"வாசலூர்பட்டியில டீ குடிக்கறதுக்கு நிறுத்தினோமுங்க. கிளாஸ் கை தவறி அவர் ஜாக்கெட்ல கொட்டிட்டேன். அது மணல் கலருங்க. தண்ணி பட்டாலே கறை நிக்கும், அதுல டீ..."

"அதுக்கு அடி."

"ஆமாங்க."

"அப்புறம்?"

"கறையோட போட்டோ எடுக்க முடியாதுன்னு, நான் போட்டிருந்ததைக் கழட்டி வாங்கிப் போட்டுக்கிட்டாருங்க."

"உனக்குக் குளிரும்னு நினைக்கலையா?"

சுமித்ரா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கேள்வியே புரியாதவள் போல. பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"மேடம்... ஒண்ணு சொல்லட்டுங்களா? அது என்னோட ஜாக்கெட்டு. அவருக்கு வந்தது எனக்கு வர வேண்டியதுங்க. சேலத்துல தோல் சாமான் கடை. சங்கீதான்னு ஒரு பொண்ணு அங்க வேலை பார்க்குது. எனக்கு இந்தக் கறுத்த கலரை எடுத்துக் குடுத்தது அவதான். எடுத்துட்டு வரும்போது என்னமோ ஸ்ப்ரேயும் அடிச்சுக் குடுத்தா. என்னுதுக்கு மட்டும்."

"அவளுக்கு உன் மேல என்ன கோபம்?"

"என் மேல கோபமில்லீங்க. இவர் மேல ஆசை."

செல்போன் ஒலித்தது. ஆஸ்பத்திரி டாக்டர்.

"இன்ஸ்பெக்டர், ஆள் பிழைக்கிறது கஷ்டம். பிழைச்சாலும் ரெண்டு கண்ணும் போச்சு. இன்னொண்ணு... ஜாக்கெட் காலர்ல வாழைப்பழ வாசனை அடிக்குது."

"மலைக்கு வர்றவங்க எல்லாம் வாழைப்பழம் வாங்குறாங்க டாக்டர்."

"இது பழம் இல்ல. கேக்குல ஊத்துற எசன்ஸ். தேனீ ஒரு தடவை கொட்டினா அதே மாதிரி வாசனைதான் விடும். மத்த தேனீக்கு அது சண்டைக்குக் கூப்பிடற சிக்னல். அதுவும் இது கறுத்த கலர், மேல மயிர் வேற... அதுங்களுக்கு இது மனுஷன் இல்ல. கூட்டைப் பிரிக்க வந்த கரடி."

பானுமதி போனை வைத்தாள்.

யாரோ ஒரு ஜாக்கெட்டை ஆயுதமாக்கியிருக்கிறார்கள்.

"சின்னையன், வண்டியை எடுங்க. சேலம்."

* * *

சங்கீதாவுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். காக்கியைப் பார்த்ததும் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே போட்டாள்.

"கறுத்த ஜாக்கெட்டை அந்தம்மாவுக்கு ஏன் எடுத்துக் குடுத்த?"

"நான் குடுக்கலீங்க மேடம்..."

"பொய் சொன்னேன்னா இங்கயே விலங்கு மாட்டுவேன்."

அவள் கண்ணில் நீர் தளும்பியது. ஆனால் வார்த்தை பிசகவில்லை.

"சார் ரெண்டு பேருக்கும் மணல் கலர்தான் கேட்டாருங்க. ஜோடியா போட்டோ எடுக்கணுமாம். அந்தம்மாதான் முதல் தடவையா வாயைத் திறந்து, எனக்கு அந்தக் கறுத்த பழுப்பு வேணும்னாங்க. சார் என்னைக் கூப்பிட்டு, நீ போட்டுக் காட்டுன்னாரு. போட்டுக் காட்டினேன்."

"அப்புறம்?"

சங்கீதா தலை குனிந்தாள்.

"அந்தம்மாவைப் பார்த்து, இவ தோள் எப்படி நிக்குது பாரு, உனக்கு மாட்டினா ஆணியில தொங்கவிட்ட மாதிரி இருக்கும்னாரு. கடையில எல்லாரும் சிரிச்சாங்க மேடம். சாரும் சிரிச்சுட்டே, சரி அதையே எடுத்துக்கன்னாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்தம்மா மட்டும் என்னையே பார்த்துட்டு நின்னாங்க."

"சரி. ஸ்ப்ரே?"

"தண்ணி ஒட்டாம இருக்கறதுக்குங்க. ரெண்டுக்கும்தான் அடிச்சேன். முகர்ந்து பாருங்க."

பானுமதி பாட்டிலை முகர்ந்தாள். மண்ணெண்ணெய் போல ஒரு நெடி. வாழைப்பழம் கிட்டத்தில்கூட இல்லை.

கிளம்பத் திரும்பியபோது சங்கீதா தயங்கினாள்.

"மேடம், ஒண்ணு மட்டும் மனசுல உறுத்திட்டே இருந்துச்சுங்க."

"சொல்லு."

"ஸ்வேட் எடுக்கறப்ப முதல்ல தோளைத்தான் பார்க்கணும். தையல் தோள் முனையில உக்காரணும். கை நீளம் மணிக்கட்டோட நிக்கணும். துணி மாதிரி துவைச்சுச் சுருக்கவும் முடியாது, பிடிச்சுத் தைச்சாலும் அசிங்கமா இருக்கும். அந்தம்மா மெலிசு. சின்ன சைஸ் அளவா உக்காந்துச்சு. ஆனா சார் பில் போடப் போன நேரத்துல, இதுலயே பெரிய சைஸ் குடுன்னாங்க. தோள் இறங்குமேன்னு சொன்னேன். உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்குவேன்னு சொல்லிட்டாங்க."

"எவ்வளவு பெரிசு?"

"அந்தம்மா சைஸுக்குப் பெரிசுங்க. சார் போட்டா... கச்சிதமா இருக்கும்."



சின்னையன் மெதுவாகச் சொன்னார்.

"மேடம்... ராக்கம்மா சொன்னதை மறந்துட்டோமுங்க. முதல்ல ஹாரன். அப்புறம்தான் அலறல்."

* * *

நாமக்கல் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சை வார்டுக்கு வெளியே சுமித்ரா உட்கார்ந்திருந்தாள். பானுமதி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஸ்வெட்டர் எங்கம்மா?"

"என்னங்க?"

"உள்ளே போட்டுக்கறேன்னு சொன்னியே. வெறும் சுடிதாரோடல்ல நடுங்கிட்டிருந்தே."

சுமித்ரா துப்பட்டாவை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள்.

"உன் புருஷன் பாறைக்குக் கீழே நிக்கும்போது நீ கார்ல ஏறிக் கண்ணாடியை ஏத்திட்டு ஹாரன் அடிச்சிருக்கே. கூடு கலைஞ்சுது. காலர்ல எசன்ஸ். மேல கரடித் தோல் மாதிரி ஜாக்கெட். சரியா?"

நர்ஸ் ஒருத்தி மருந்துத் தட்டோடு கடந்து போனாள். அவள் காலடி ஓய்ந்த பிறகு சுமித்ரா பேசினாள்.

"அம்மாவைப் பெத்த அப்புச்சி ஊட்டுத் தோட்டத்துல சின்ன வயசுல தேனீ கொட்டி ஒரு மாடு செத்துச்சுங்க. கறுத்த மாடு. பக்கத்துல நின்ன வெள்ளை மாட்டை அதுங்க தொடவேயில்ல. அது மனசுலயே இருந்துச்சு."

"எசன்ஸ் பாட்டில்?"

"வர்ற வழியில வளைவுல தூக்கி எறிஞ்சுட்டேன். காட்டுல கிடக்கும்."

"டீயையும் வேணும்னேதான் கொட்டினே."

"ஆமாங்க. ஆனா ஜாக்கெட்டை நான் குடுக்கல. போட்டுக்குங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. என்னுதைப் புடுங்கிக்குவாருன்னு தெரியும். தட்டுல இருக்கற சோத்துலேர்ந்து எல்லாத்தையும் அப்படித்தான். கட்டுற சேலை, போடற செருப்பு எல்லாம் அவர் எடுக்கறது. நானா கேட்டு வாங்கினது அது ஒண்ணுதான்."

"போலீஸ்ல சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். உங்க ஸ்டேஷன் இல்ல, இங்க. சமாதானம் பேசி அனுப்பி வச்சாங்க. அன்னைக்கு ஊட்டுக்குப் போனதும் இதை உடைச்சாரு."

வலது கையை நீட்டினாள். சுண்டு விரல் வளைந்து ஒட்டியிருந்தது.

பானுமதி அந்த விரலைப் பார்த்தாள். பார்வையை எடுக்கச் சிரமப்பட்டாள்.

"சங்கீதா என்ன பண்ணினா? அந்தப் பொண்ணை ஏன் மாட்டிவிடப் பார்த்தே?"

"சிரிச்சா."

"அவ சிரிக்கலம்மா. மத்தவங்கதான் சிரிச்சாங்க."

நீட்டிய கையைச் சுமித்ரா மெல்ல மடக்கிக்கொண்டாள்.

"எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு," என்றாள். பிறகு எழுந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள். "கூட்டிட்டுப் போங்க. ஜெயில்ல எந்தச் சேலை குடுத்தாலும் கட்டிக்குவேன். அவர் எடுத்ததா இருக்காதில்ல... அது போதும்."

அவள் முகத்தில் அப்போது தெரிந்தது பயம் இல்லை. நிம்மதி.

வார்டுக் கதவு திறந்தது. டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர், உங்க ஆளுக்கு அதிர்ஷ்டம். நினைவு வந்துடுச்சு. பேசணுங்கறார்."

* * *

அர்த்தனாரியின் கண்கள் மேல் வெள்ளைக் கட்டு. உதடுகள் இன்னும் தடித்திருந்தன. ஒவ்வொரு சொல்லும் வழுக்கிக்கொண்டு வந்தது.

"எழுதிக்குங்க மேடம். ஜாக்கெட்டை நானாத்தான் கேட்டு வாங்கிப் போட்டேன்."

"ஹாரன்?"

"நான்தான் அடிக்கச் சொன்னேன். பாறையில எதிரொலி கேக்கும்னாங்க."

"காலர்ல எசன்ஸ் இருந்துது."

"நான்தான் தடவிக்கிட்டேன். எனக்கு அந்த வாசனை புடிக்கும்."

பானுமதி பேனாவை நிறுத்தினாள். "அர்த்தனாரி, உங்க சம்சாரம் எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லிட்டாங்க."

"பாவம், புள்ளை பயத்துல உளறுது." அவன் கை காற்றில் துழாவியது. "சுமி... வா சாமி."

சுமித்ரா கதவோரம் நின்றாள். நகரவில்லை.

"எனக்குக் கண்ணு போயிடுச்சு கண்ணு. சோறு ஊட்டணும். குளிப்பாட்டணும். கூடவே படுத்து, கூடவே எந்திரிக்கணும். உன்னை ஜெயிலுக்கு அனுப்பிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

அந்தத் தடித்த உதடுகள் பிளந்தன. அது சிரிப்பு என்று புரிய பானுமதிக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவனுக்குத் தெரியும். எல்லாமே தெரியும்.

"மேடம்..." சுமித்ராவின் குரல் உடைந்தது. "என்னை அரெஸ்ட் பண்ணுங்க. நான்தான் பண்ணினேன். எங்க வேணும்னாலும் எழுதித் தாரேன். இவரோட அனுப்பாதீங்க."

"பயப்படாதே சாமி," என்றான் அர்த்தனாரி, மிக மிருதுவாக. "நான் இருக்கேன்ல."

துழாவிய கைக்கு அவள் சுடிதாரின் ஓரம் அகப்பட்டது. மெல்லச் சுருட்டிச் சுருட்டி இழுத்தான்.

பானுமதி அந்த விரல்களைப் பிரித்துத் துணியை விடுவித்தாள். சுமித்ராவை வெளியே அழைத்து வந்து பெண்கள் உதவி மையத்தின் நம்பரை அவள் கையில் எழுதினாள். அந்தக் கையை இறுகப் பிடித்தபடி அதற்குள் வந்து சேர்ந்திருந்த அர்த்தனாரியின் அம்மாவும் அவன் அண்ணன்மார் இரண்டு பேரும் அவளைத் திரும்ப உள்ளே அழைத்துப் போனார்கள். உள்ளிருந்து கதவைச் சாத்தினார்கள்.

வராந்தாவில் சின்னையன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அந்தம்மாதான் ஒத்துக்கிட்டாங்களே மேடம்?"

"நம்மகிட்ட ஒத்துக்கிட்டது கோர்ட்ல செல்லாதுய்யா. கொட்டு வாங்கினவனே ஒண்ணும் நடக்கலங்கறான். பாட்டில் கிடைச்சாலும் தன்னுதுன்னுவான். சைஸையும் ஹாரனையும் வச்சு எந்த ஜட்ஜ் நம்புவாரு?"

"அப்ப தண்டனையே இல்லீங்களா?"

பானுமதி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஆயுள் தண்டனை குடுத்தாச்சு. நம்ம ஜெயிலா இருந்தா, நன்னடத்தைக்காவது சீக்கிரம் விட்டிருப்பாங்க."