மறுபக்கக் கைப்பிடி

பின்னேர அஸர் தொழுகைக்கான பாங்கு முடிந்ததும் கொட்டிலுக்குள் அந்தச் சத்தம் இன்றும் ஒரு தடவைதான் கேட்டது. டங். அதற்குப் பதிலாக வரவேண்டிய இரண்டாவது டங் வரவேயில்லை.

ஃபாஹிமா யன்னல் சீலையை விலக்கவில்லை. கணவரை இழந்து வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் இதைக் கேட்டாளே தவிர, ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. இன்றோடு இத்தா முடிகிறது. அவளைக் கூட்டிப்போக உடன்பிறந்த நானா நிஸார் பாலாவியிலிருந்து வேனோடு வந்திருந்தார்.

கொட்டிலில் நிற்பது துரைமார் காலத்துப் பம்பு வண்டி. தென்னந்தோட்டத்து பங்களாவில் நெருப்புப் பிடித்தால் அணைப்பதற்கு வாங்கியது. தொட்டியின் இரண்டு பக்கமும் நீளமான மரக் கைப்பிடிகள். ஒருவர் அமுக்கினால் எதிரில் நிற்பவரின் பக்கம் எழும்பும். பிறகு அவர் அமுக்க வேண்டும். தனியாளால் தண்ணீர் ஏறாது. தோட்டக் காவலரான அவள் கணவர் றிப்னாஸ்தான் அதற்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தார். கொப்பறாச் சூளை பற்றிக்கொண்டு, கடற்காற்றில் நெருப்பு பங்களாப் பக்கம் பறந்த அன்று, சூளையின் ஓரத்திலேயே வண்டியை நிறுத்தி, ஒரு பக்கம் அவர், மறுபக்கம் இவள்.

"விட்டுடாத புள்ள," என்றார்.

கையில் பொறி விழுந்ததும் விட்டுவிட்டு ஓடினாள். தண்ணீர் நின்றது. சூளைக் கூரை அவர் மேல் விழுந்தது.

'அவர்தான் என்னை ஓடச் சொன்னார்' என்று அடக்கத்தன்று மையித்து வீட்டில் சொன்னாள். எல்லோரும் அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை; உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. அந்தப் பொய் வெளியே தெரியாமல் இந்த வளவை விட்டுப் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

"உடுப்பெல்லாம் ஏத்தியாச்சு. வா புள்ள," என்றார் நிஸார்.

"நானா, கொட்டில்ல ஆரு?"

"அங்க ஆரு? அன்டைக்கே நான் பூட்டிட்டேனே. தொறப்பும் என்ட கையில."

"தாங்க. ஒருக்காப் பாத்துட்டு வாறன்."

பூட்டு உப்புக்காற்றில் இறுகிக் கிடந்தது. கதவைத் தள்ளியதும் சிரட்டை எரிந்த மணம். தொட்டி காய்ந்திருந்தது. அவள் பக்கத்துக் கைப்பிடி எழும்பி நெஞ்சு உயரத்தில் நின்றது. மறுபக்கம் இருட்டுக்குள் தாழ்ந்திருந்தது.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கையை வைத்தாள். மரம் சுட்டது. அமுக்கினாள்.

டங்.

மறுபக்கக் கைப்பிடி மேலே வந்தது. அதைப் பிடித்திருந்த இரண்டு கைகளும் வந்தன. கரி. ஒரு விரலில் றிப்னாஸின் வெள்ளி மோதிரம்.

வெளியே வேன் ஹோன் அடித்தது.

கைகள் அமுக்கின. டங்.

அவள் பக்கம் எழும்பியது. அவளுடைய விரல்கள் மரத்தை விட்டு வரவில்லை. எதிரே அந்தக் கைகள் அசையாமல் காத்திருந்தன.

அவளுடைய முறை.